லுங் யாருடையது? சீன மரபில் ஒரு குறியீட்டின் நெடும்பயணம்

இந்திய நாளேடுகளில் சீனாவைப் பற்றிய கருத்துப்படம் வந்தால் அதில் ஒரு டிராகன் இருக்கும். எதிரே ஒரு யானை நிற்கும். டிராகனின் வாயிலிருந்து பெரும்பாலும் நெருப்பு கிளம்பும். இப்படத்துக்குள் மூன்று முடிவுகள் பொதிந்துள்ளன. சீன நாடும் டிராகனும் ஒன்றே என்பது முதலாவது. அந்த உறவு தொன்றுதொட்டு மாறாமல் வருவது என்பது இரண்டாவது. அவ்வுயிரி ஆதிக்கத்தின் வடிவம் என்பது மூன்றாவது. சீன வரலாற்றைப் பயிலும் நம் மாணவர்களின் கட்டுரைகளிலும் இம்மூன்றும் கேள்வியின்றி இடம்பெறுவதைக் காண்கிறோம். சான்றுகளோ வேறு கதையைச் சொல்கின்றன. அக்கதையின் ஒரு பகுதி இந்திய மண்ணிலேயே நிகழ்ந்தது.

சீன மொழியில் அவ்வுயிரிக்கு லுங் என்று பெயர். ஐரோப்பியப் பயணிகளும் பாதிரிமாரும் அதைத் தங்களுக்குத் தெரிந்த டிராகனாக மொழிபெயர்த்தார்கள். விவிலியத்தின் வெளிப்படுத்தின விசேஷத்தில் டிராகன் சாத்தானின் உருவம். தமிழ் விவிலியம் அதற்கு ‘வலுசர்ப்பம்’ என்ற சொல்லை ஆண்டது. ஐரோப்பியக் கதைகளில் அது புதையலைக் காத்துக் கிடக்கும்; வீரன் வந்து கொல்வான். லுங் நெருப்பின் உயிரியன்று. அதன் இருப்பிடம் மடு, ஆறு, கடல், மேகம். அதைக் கொல்ல வருவோர் அரியர். அதனிடம் மழை கேட்க வருவோரே மிகுதி. இக்கட்டுரையில் லுங் என்ற சொல்லையே கையாள்கிறேன்.

1. மண்ணிலும் வானிலும்

1987ஆம் ஆண்டில் ஹெனான் மாநிலத்தின் புயாங் நகருக்கு அருகே, ஷிஷுய்போ என்னும் இடத்தில் யாங்ஷாவ் பண்பாட்டைச் சேர்ந்த கல்லறை ஒன்று வெளிப்பட்டது. அது ஆறாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்டது. புதைக்கப்பட்ட மனிதரின் இரு மருங்கிலும் சிப்பிகளை அடுக்கி இரண்டு உருவங்கள் அமைக்கப்பட்டிருந்தன. கிழக்கில் லுங் போன்ற ஒரு வடிவம், மேற்கில் புலி. அங்கிருந்து வெகுதொலைவில், இன்றைய உள் மங்கோலியா, லியாவ்நிங் பகுதிகளில் பரவியிருந்த ஹுங்ஷான் பண்பாட்டு மக்கள் பச்சைக்கல்லில் வளைந்த உருவங்களைச் செதுக்கினார்கள். அவற்றுள் சிலவற்றின் முகம் பன்றியை ஒத்தது. 1971இல் கிடைத்த, 26 செ.மீ. உயரமுள்ள வளைவுருவம் இன்று பெய்ஜிங் தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது. ஹெனானின் எர்லிதோவில் 2002இல் அகழ்ந்தெடுக்கப்பட்டது இவ்விரண்டினின்றும் வேறுபட்டது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நீலப்பச்சை மணிக்கல் துண்டுகளைப் பதித்து, பெருந்தலையும் நெளியும் உடலுமாக ஏறத்தாழ 70 செ.மீ. நீளத்தில் செய்யப்பட்ட அது, இறந்தவரின் உடல்மேல் வைக்கப்பட்டிருந்தது.

இவற்றை எல்லாம் ‘லுங்’ என்று அழைப்பவர்கள் நாம். அவற்றைச் செய்தவர்கள் என்ன பெயரிட்டார்கள் என்பதற்கு எழுத்துச் சான்று கிடையாது. ஷாங் காலத்து ஆரூட எலும்புகளில்தான் லுங் என்னும் எழுத்துரு முதன்முதலில் தென்படுகிறது. எனவே ஒரே விலங்கு ஆறாயிரம் ஆண்டுகளாக ஒரே பொருளைத் தாங்கி வந்தது என்பது பின்னோக்கிப் பார்ப்பவரின் கண் செய்யும் வேலை. வெவ்வேறு நிலங்களின் வெவ்வேறு உருவங்கள் பிற்காலத்தில் ஒரு பெயரின்கீழ் வந்து சேர்ந்தன என்று கொள்வதே சான்றுக்குப் பொருந்தும்.

ஆயினும் ஷிஷுய்போவின் திசையமைப்பு வியப்பளிப்பது. பிற்காலச் சீன வானியல், விண்மீன்களை நான்கு திசைக்கும் ஏழேழாகப் பகுத்து, கிழக்கை நீல லுங்கிற்கும் மேற்கை வெண்புலிக்கும் அளித்தது. கிழக்கு லுங்கின் கொம்பு நாம் சித்திரை என்று வழங்கும் மீன். அதன் இதயம் நம் கேட்டை. வால் விழும் இடத்தில் நம் மூல நட்சத்திரம் உள்ளது. வசந்தத்தில் மாலை மயங்கும் வேளையில் கொம்பு கீழ்வானில் எழுகிறது. இலையுதிர் காலத்தில் முழு உருவமும் மேற்கில் அமிழ்கிறது. சீன நாட்காட்டியின் இரண்டாம் மாதம் இரண்டாம் நாளை ‘லுங் தலைதூக்கும் நாள்’ என்று இன்றும் கொண்டாடுகிறார்கள். அது உழவு தொடங்கும் பருவம். பொ.ஆ. 100ஐ ஒட்டி அகராதி தொகுத்த சூ ஷென், லுங் வசந்தச் சமநாளில் வானேறுவதாகவும் இலையுதிர்ச் சமநாளில் ஆழ்நீரில் மறைவதாகவும் எழுதுகிறார். இதைக் கற்பனை என்று தள்ளிவிடாமல், உழவரின் வானநோக்கோடு இணைத்துப் படிக்க வேண்டும். ‘மாற்ற நூல்’ எனப்படும் யீசிங்கின் முதற்குறியும் இப்படித்தான்: நீரில் மறைந்திருத்தல், வயலில் தோன்றல், வானில் பறத்தல், மிகையாக உயர்ந்து வருந்துதல் என்று லுங்கின் நிலைகள் அங்கே அடுக்கப்படுகின்றன.

2. மழைக்கு மண்ணுருவம்

ஹான் காலத்தில் லுங் மழைச்சடங்கின் நடுப்பொருளாக நிற்கிறது. டுங் ஜுங்ஷுவின் பெயரில் வழங்கும் நூல் வறட்சிக்கால விதிகளை நுட்பமாக வகுக்கிறது. வசந்தத்தில் மழை பொய்த்தால் எட்டு ஜாங் நீளத்தில் நீல நிற மண் லுங் ஒன்றை நடுவில் அமைக்க வேண்டும். சிறிய லுங்குகள் ஏழு கிழக்கு நோக்கி நிற்க வேண்டும். சிறுவர் எண்மர் ஆட வேண்டும். கோடையில் சிவப்பு, கோடைக் கடைசியில் மஞ்சள், இலையுதிர் காலத்தில் வெள்ளை, குளிர்காலத்தில் கருமை என்று நிறமும் திசையும் மாறும். ஒத்தது ஒத்ததை ஈர்க்கும் என்பது இதன் அடிப்படை. லுங்கின் உருவைச் செய்தால் மேகம் தானே வரும்.

மஞ்சள் இங்கே ஐந்து நிறங்களுள் ஒன்று மட்டுமே. பேரரசரின் நிறம் என்ற பொருள் இச்சடங்கில் அதற்கு இல்லை.

லுங்கைப் பற்றிய ஐயமும் இம்மரபுக்கு உள்ளேயே எழுந்தது. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த வாங் சுங், இடிமின்னலோடு வானகம் லுங்கை மேலே எடுத்துச் செல்கிறது என்ற பொதுநம்பிக்கையை ஓர் அத்தியாயம் முழுதும் மறுத்து எழுதினார். குதிரைத் தலையும் பாம்பு வாலுமாக ஓவியர் வரையும் உருவத்தைச் சுட்டி, அத்தகைய உடலுக்குரிய இடம் எது என்று ஆராய்ந்தார். சீன மரபு முழுவதும் லுங்கின் முன் கைகூப்பி நின்றது என்று எழுதுவோர் வாங் சுங்கை ஒருமுறை படிப்பது நல்லது.

அதிகாரம் லுங்கை நாடிய பழைய சான்றும் ஹான் காலத்ததே. அவ்வரச மரபைப் பொ.ஆ.மு. 202இல் நிறுவிய லியூ பாங் எளிய குடியில் பிறந்தவர். அவருடைய தாய் ஏரிக்கரையில் உறங்குகையில் இடியும் மின்னலும் சூழ்ந்தன என்றும், தேடிவந்த தந்தை அவள்மேல் ஒரு லுங்கைக் கண்டார் என்றும், அதன்பின் அவள் கருவுற்றாள் என்றும் சீமா சியேன் பதிவு செய்கிறார். உயர்குலத் தந்தையைக் காட்ட இயலாதவருக்கு வானத்துத் தந்தை தேவைப்பட்டார். குலப்பெருமை இல்லாத இடத்தில் லுங் வந்து நிற்பதைக் கவனிக்க வேண்டும். மழைதரும் உயிரியின் புகழ் முதலில் இருந்தது. அதை அரசு கடன் வாங்கியது.

3. நாகம் லுங் ஆன கதை

பௌத்த நூல்கள் சீனம் புகுந்தபோது மொழிபெயர்ப்பாளர்களுக்கு ‘நாக’ என்ற சொல் எதிர்ப்பட்டது. பாம்பைக் குறிக்கச் சீனத்தில் வேறு சொல் இருந்தும், அவர்கள் லுங்கைத் தேர்ந்தார்கள். நாகமும் நீரில் வாழ்வது, மழை தருவது, உருமாறுவது, செல்வம் காப்பது. நாகராசன் ‘லுங் வாங்’, அதாவது லுங் அரசன் ஆனான். பழைய சீன மரபில் லுங்கிற்கு இல்லாத கடலடி மாளிகை, பரிவாரம், மக்கட்பேறு ஆகியவை நாகத்தின் வழியே அதற்கு வந்து சேர்ந்தன. 406இல் குமாரஜீவர் மொழிபெயர்த்த தாமரைச் சூத்திரத்தில், எட்டு வயதுள்ள நாகராசன் மகள் நொடிப்பொழுதில் புத்தநிலை எய்துகிறாள். சீன வாசகர்களுக்கு அவள் லுங்கின் மகள். நாகார்ஜுனருக்கு அவர்கள் இட்ட பெயர் லுங்ஷு, அதாவது லுங் மரம்.

சீனத் துறவிகளின் பயணக்குறிப்புகளை இந்திய வரலாற்றுக்குச் சான்றாகப் பயன்படுத்தும் நாம், இதை நினைவில் கொள்ள வேண்டும். பாகியான் இன்றைய உத்தரப் பிரதேசத்திலுள்ள சங்காசியத்துக்கு வந்தபோது, அங்கிருந்த துறவிகளின் கொடையாளியாக வெண்காது கொண்ட ஒரு லுங் இருந்ததென எழுதுகிறார். அது பருவத்தில் மழை தந்து விளைச்சலைக் காத்தது. துறவிகள் அதற்கென இல்லம் அமைத்து உணவு படைத்தார்கள். மழைக்கால உறைவு முடியும்போது அது சிறு பாம்பாக உருமாறும்; அதைச் செப்புக் கலத்தில் இட்டு எல்லாரிடமும் எடுத்துச் செல்வார்கள். ஏழாம் நூற்றாண்டில் வந்த யுவான் சுவாங், நாளந்தாவின் பெயர்க்காரணங்களுள் ஒன்றாக, மாந்தோப்புக் குளத்தில் வாழ்ந்த நாளந்தா என்னும் லுங்கைக் குறிப்பிடுகிறார். இந்தியத் துறவி நாகம் என்று சொன்னதைச் சீனத் துறவி லுங் என்று கேட்டுக்கொண்டார். இருவரும் பேசியது ஒரே குளத்தைப் பற்றி.

4. ஐந்து நகங்கள்

தாங், சுங் காலங்களில் அரசு நீர்த்தெய்வங்களுக்குப் பட்டம் வழங்கத் தொடங்கியது. 751இல் நாற்கடல் தெய்வங்களுக்கும் ‘அரசர்’ என்ற பட்டம் அளிக்கப்பட்டது. இதிலும் லுங் அரண்மனைக்குள் அடங்கிவிடவில்லை. 1244இல் சென் ருங் வரைந்த ‘ஒன்பது லுங்’ ஓவியச்சுருள் ஏறத்தாழ 11 மீட்டர் நீளமுடையது. இன்று பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பாறை, சுழல்நீர், முகில் ஆகியவற்றுக்கிடையே உருவம் தோன்றுவதும் கரைவதுமாக இருக்கும் அச்சுருளில் அரியணை எதுவும் இல்லை. இயற்கையின் இயக்கமே அதன் பொருள்.

வேலி போடும் முயற்சி மங்கோலியர் ஆண்ட யுவான் காலத்தில் சட்டமாகிறது. 1314ஆம் ஆண்டின் ஆடைவிதி லுங் உருவை மற்றவர்க்கு விலக்கியது. எது லுங் என்பதையும் அதுவே வரையறுத்தது: ஐந்து நகமும் இரு கொம்பும் உடையதே லுங். இவ்வரையறையை மாணவர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். நாடெங்கும் துணியிலும் கலத்திலும் கோயிலிலும் நிறைந்திருந்த ஓர் உருவத்தை முற்றாகத் தடுக்க இயலாது என்பதை அரசு அறிந்திருந்தது. ஆகவே உருவத்தை விட்டுவிட்டு ஒரு நகத்தைத் தன்னுடையதாக்கியது. நான்கு நகமுடையது அன்றிலிருந்து சட்டத்தின் கண்ணில் வேறு உயிரி.

மிங் காலத்தில் நான்கு நக உருவம் ‘மாங்’ என்ற தனிப்பெயர் பெற்றது. பேரரசர் தமக்கு வேண்டிய அமைச்சர்க்கும் அரண்மனை அலிகளுக்கும் மாங் ஆடையைப் பரிசளித்தார். அது பேரரசரின் ஆடையை அப்படியே ஒத்தது, ஒரு நகம் மட்டுமே குறைவு என்று அக்காலத்தவரே எழுதினர். சிங் அரசின் விதி இன்னும் நுண்மையானது. ஐந்து நக உருவுள்ள பட்டு ஒருவருக்குப் பரிசாகக் கிடைத்தால், அவர் ஒரு நகத்தின் இழைகளைப் பிரித்தெடுத்த பின்னரே உடுத்தலாம். பேரரசின் மாட்சி ஊசிமுனை அளவான ஒரு வேறுபாட்டில் தொங்கியது. 19ஆம் நூற்றாண்டில் அந்த வேறுபாடும் தளர்ந்துபோனதை, எஞ்சியிருக்கும் அதிகாரிகளின் ஆடைகள் பல காட்டுகின்றன. தடையைத் திரும்பத் திரும்பப் பிறப்பிக்க வேண்டியிருந்ததே, தடை மீறப்பட்டதற்குச் சான்று.

5. வெயிலில் கிடந்த தெய்வம்

அரண்மனையில் நகக்கணக்கு நடந்துகொண்டிருந்த அதே நூற்றாண்டுகளில், வட சீனத்து ஊர்களில் லுங் அரசன் கோயில்கள் கிணற்றடியிலும் ஆற்றுமுனையிலும் பெருகின. உழவர்க்கும் லுங்கிற்கும் இடையிலான உறவு பணிவு மட்டுமே கொண்டதன்று. அதில் ஒப்பந்தத்தின் சாயலும் உண்டு. மழை பொய்த்தால் முதலில் படையல், பிறகு ஊர்வலம். அதற்கும் இரங்காவிடில் சிலையைக் கோயிலிலிருந்து எடுத்து வெட்டவெளியில் வெயிலில் வைப்பார்கள். வறட்சியின் வாட்டம் எப்படியிருக்கும் என்பதை லுங் அரசனும் உணரட்டும் என்பது கருத்து. மழை பெய்துவிட்டால் கூத்தும் விருந்தும் நடத்திக் கடனைத் தீர்ப்பார்கள். பேரரசரின் மார்பில் பொன்னிழையில் நெய்யப்பட்ட அதே உயிரியை உழவர் தண்டிக்கவும் முடிந்தது.

இது வெறும் நம்பிக்கைச் செய்தியன்று. இந்தியாவில் பிறந்த வரலாற்றறிஞர் பிரசென்ஜித் துவாரா, 1988இல் வெளியான தமது நூலில், ஹெபெய் மாநிலத்தின் சிங்தாய் பகுதியில் பாசன அமைப்புகள் லுங் அரசன் கோயில்களைச் சுற்றியே ஒழுங்குபெற்றதை ஆராய்ந்துள்ளார். பல ஊர்கள் ஒரே நீரைப் பங்கிடும்போது, அந்தப் பங்கீட்டுக்கு உரிய மதிப்பையும் கட்டுப்பாட்டையும் கோயில் வழிபாடு தந்தது. ஆற்றுநீரில் யாருக்கு எவ்வளவு என்ற கேள்வி லுங்கின் முன்னிலையில் பேசப்பட்டது. அரசும் அதே தெய்வத்தை ஏற்றுப் பட்டமளித்ததால், ஊருக்கும் அரசுக்கும் ஒரு பொதுமொழி கிடைத்தது. குறியீடு நீடித்ததற்குக் காரணம் இதுவே. அதை ஒவ்வொருவரும் தம் தேவைக்குப் படித்தார்கள். எவரும் மற்றவர் படிப்பை முற்றாக அழிக்க இயலவில்லை.

6. தேசத்தின் விலங்கு

லுங் ஒரு நாட்டின் அடையாளம் ஆனது மிக அண்மைக் காலத்தில். 19ஆம் நூற்றாண்டில் கப்பல்களுக்கும் தூதரகங்களுக்கும் கொடி தேவைப்பட்டபோது, சிங் அரசு மஞ்சள் நிறத்தில் லுங் கொடியை ஏற்றது. 1878இல் வெளியான சீனாவின் முதல் அஞ்சல்தலைகளிலும் லுங் இருந்தது. கொடியும் அஞ்சல்தலையும் பிற நாடுகளின் வழக்கத்தைப் பார்த்துச் செய்தவை. 1912இல் குடியரசு வந்ததும் லுங் கொடி இறங்கியது. ஐவண்ணக் கொடி ஏறியது. எழுத்தாளர் லூ சூன் உள்ளிட்ட மூவர் வகுத்த புதிய அரசுச் சின்னத்தில் லுங் இடம்பெற்றது உண்மை. ஆனால் அது பழைய பன்னிரு குறிகளுள் ஒன்றாகவே நின்றது.

1940களில் கவிஞரும் அறிஞருமான வென் யீதுவோ, போர்க்காலக் குன்மிங் நகரில் இருந்து, லுங் ஒரு குலக்குறி என்ற கருத்தை முன்வைத்தார். பாம்பைக் குலக்குறியாகக் கொண்ட ஒரு குடி பிற குடிகளை வென்று சேர்த்தபோது, அவற்றின் விலங்குறுப்புகள் பாம்போடு ஒட்டி லுங் உருவானது என்பது அவர் வாதம். சிதறிய நாடு ஒன்றுபட வேண்டிய வேளையில் இக்கருத்து பெரும் ஈர்ப்புப் பெற்றது. இன்றும் பாடநூல்களில் வாழ்கிறது. தொல்லியல் சான்று இதற்கு இணங்கவில்லை என்பதை மேலே கண்டோம். இதைவிடக் குறிப்பிடத்தக்கது வேறொன்று. லுங்கையும் பீனிக்சையும் பற்றி அவரே 1944இல் எழுதிய கட்டுரையில், அவை அரசர்களின் நினைவைச் சுமப்பவை என்று தயங்கினார். ஒரு விலங்கைத் தேர்ந்தே ஆகவேண்டுமானால், தூக்கத்தை விட்டெழுந்து முழங்கும் சிங்கம் போதும் என்றார். லுங்கைத் தேசியச் சின்னமாக்கியோர் அவருடைய ஆய்வை எடுத்துக்கொண்டார்கள், தயக்கத்தை விட்டுவிட்டார்கள்.

‘லுங்கின் வழித்தோன்றல்கள்’ என்ற தொடர் மக்கள் நாவில் ஏறியது ஒரு பாடலால். 1978 டிசம்பரில், தைவானுடனான தூதரக உறவை அமெரிக்கா முறிக்கப்போவதாக அறிவித்த சூழலில், ஹோ தெஜியென் என்னும் இளைஞர் தைப்பேயில் அப்பாடலை எழுதினார். 1983இல் அவர் பெருநிலச் சீனாவுக்குச் சென்றார். பாடலும் அங்கே பரவியது. 1989இல் தியனன்மென் சதுக்கத்தில் உண்ணாநோன்பு இருந்த நால்வருள் அவரும் ஒருவர். அடுத்த ஆண்டு அவர் தைவானுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். பாடல் மட்டும் அங்கேயே தங்கியது. பழம்பெருமையின் ஆதிக்குரல் என்று பலர் கருதும் ஒரு தொடரின் வரலாறு இவ்வளவு குறுகியது.

லுங் ஒரு நாட்டுக்கு மட்டும் உரியதும் அன்று. வியட்நாமியர் தம் மூதாதையை லுங் அரசனாகப் போற்றுகிறார்கள். 1010இல் அமைந்த அவர்கள் தலைநகரின் பெயரே ‘எழும் லுங்’.

7. பெயரின் அரசியல்

2006இல் ஷாங்காய்ப் பேராசிரியர் ஒருவர், மேலைநாட்டார் டிராகனை வன்முறையின் உருவமாகக் காண்பதால் அதை நாட்டின் அடையாளமாகக் காட்டுவதை மறுபரிசீலனை செய்யலாம் என்று கூறியதாகச் செய்தி வந்ததும் சீன இணையத்தில் பெரும் கொந்தளிப்பு எழுந்தது. 2024ஆம் லுங் ஆண்டுப் பிறப்பின்போது, டிராகன் என்பதைத் தவிர்த்து ஆங்கிலத்திலும் ‘லுங்’ என்றே எழுதும் போக்கு சீன ஊடகங்களில் வலுப்பெற்றது. அதற்கு முன்னோடியாக அவை சுட்டியது, வங்காளத்தின் செராம்பூரில் 1814இல் ஜோஷுவா மார்ஷ்மன் அச்சிட்ட சீன இலக்கண நூலை.

மொழிபெயர்ப்புச் சிக்கல் உண்மையானதே. சொல்லை மாற்றுவதால் மட்டும் அது தீராது. ‘டிராகன் கொடியது’ என்ற பார்வையை அகற்றிவிட்டு ‘லுங் என்றும் தேசத்தின் ஆன்மா’ என்ற பார்வையை வைத்தால், உழவர் வெயிலில் கிடத்திய தெய்வம் மறுபடியும் மறைந்துபோகும். வரலாற்று மாணவர் ஒவ்வொரு சான்றிடமும் கேட்க வேண்டியவை எளியவை. இந்த லுங் எந்த நூற்றாண்டினது? அதற்கு எத்தனை நகம்? அதை வைத்திருப்பவர் யார்? அவருக்கு அதனிடம் என்ன வேண்டியிருக்கிறது?

கருத்துப்படத்துக்குத் திரும்புவோம். நாகம் என்ற சொல் வடமொழியிலும் தமிழிலும் பாம்பைக் குறிக்கும், யானையையும் குறிக்கும். இவ்விரு பொருளையும் அறிந்த சீனப் பௌத்த மொழிபெயர்ப்பாளர்கள் ‘லுங்சியாங்’ என்ற கூட்டுச்சொல்லை ஆண்டார்கள். லுங் என்பது நாம் அறிந்ததே. சியாங் என்றால் யானை. ஆற்றல்மிக்க உயர்ந்த துறவியரைக் குறிக்கும் மதிப்புச் சொல்லாக அது சீனத்தில் நிலைபெற்றது. இன்று நாம் எதிரெதிரே நிறுத்தும் இரண்டு விலங்குகளும் அந்தச் சொல்லில் ஒரே நாகத்தின் இரு பெயர்கள்.